எச்.ஐ.வி. நோயெதிர்ப்புச் சோதனைகளுக்காக இரத்தச் செல்களை உறைய வைத்தல்: முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி. ஆய்வில் ஒரே பங்கேற்பாளரிடமிருந்து முதல் வருகையிலும், ஆறு மாதங்கள் கழித்தும், ஆண்டு முடிவிலும் எடுத்த செல்களை ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே தொகுதி வினைப்பொருள்களைக் கொண்டு சோதிக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்தால்தான் எண்களில் தெரியும் மாற்றம் நோயெதிர்ப்பில் ஏற்பட்ட மாற்றமா, சோதனை நாளுக்கு நாள் வேறுபட்டதன் விளைவா என்று பிரித்தறிய முடியும். அதற்காகவே புற இரத்த ஒற்றை உட்கரு செல்களை, அதாவது ஆய்வகங்களில் எல்லோரும் பி.பி.எம்.சி. என்று சொல்லும் டி செல்கள், பி செல்கள், என்.கே. செல்கள், மோனோசைட்டுகள் ஆகியவற்றின் கலவையை, உறைய வைத்துப் பாதுகாக்கிறோம்.

இந்த வேலையில் புதியவர்களை மிகவும் தடுமாற வைப்பது ஒன்று உண்டு. உறைய வைத்த நாளில் செய்த பிழை அன்று கண்ணுக்குத் தெரியாது. பல மாதங்கள் கழித்து உருக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அதே பிழையோடு நூறு குப்பிகள் சேர்ந்திருக்கும். அந்த வருகையின் இரத்தத்தை மீண்டும் எடுக்கவும் முடியாது. ஆகவே கீழே ஒவ்வொரு படிக்கும் அதன் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்தவர் நெருக்கடியான நேரத்திலும் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று தெரிந்து நடப்பார்.

1. இரத்தம் வந்து சேரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

இரத்தக் குழாய்கள் மேசைக்கு வந்த பிறகு தயாரிப்பைத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் முதல் தவறு. உறைகரைசல் குளிர்ந்திருக்க வேண்டும், அடர்த்திக் கரைசல் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும், குப்பிகளில் ஒட்டுச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். இம்மூன்றும் நேரம் எடுப்பவை. இவை தயாராக இல்லாவிட்டால் செல்கள் காத்திருக்கும்.

உறைகரைசல் என்பது 90 விழுக்காடு கன்றுக்கரு சீரமும் 10 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. என்னும் உறைகாப்பு வேதிப்பொருளும் சேர்ந்தது. இரண்டும் கலக்கும்போது வெப்பம் வெளிப்படும். குழாயைக் கையில் பிடித்தால் அந்தச் சூட்டை உணரலாம். அந்தச் சூட்டோடு செல்கள் மீது ஊற்றினால் அவை சேதமடையும். எனவே காலையிலேயே கலந்து, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் குறைந்தது அரை மணி நேரம் குளிர வையுங்கள். தூய டி.எம்.எஸ்.ஓ. சுமார் 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் அதன் புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். கட்டியாகிப் பாதி உருகிய நிலையில் அளந்தால் கரைசலின் செறிவு பிசகும்.

சீரம் வாங்கும்போது விலையைவிடத் தொகுதி எண்ணுக்கு முக்கியத்துவம் கொடுங்கள். சில தொகுதிகள் எந்தத் தூண்டலும் இல்லாமலேயே டி செல்களைக் கிளர்த்திவிடும். எலிஸ்பாட் என்பது தூண்டலுக்கு எதிர்வினை காட்டும் ஒவ்வொரு செல்லையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை. அதன் தட்டில் தூண்டல் சேர்க்காத எதிர்மறைக் கட்டுப்பாட்டுக் குழிகளில் புள்ளிகள் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு தொகுதியின் மாதிரியை வாங்கி, செல்களை உறைய வைத்து, உருக்கி, பின்புலத்தை, அதாவது தூண்டாமலேயே தோன்றும் புள்ளிகளைப் பார்த்த பிறகே அதே தொகுதியை ஆய்வுக் காலம் முழுமைக்கும் சேர்த்து வாங்க வேண்டும். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்து நிரப்புப் புரதங்களை (செல்களைத் தாக்கக்கூடிய சீரப் புரதங்களை) செயலிழக்கச் செய்வதும் வழக்கம்.

ஒட்டுச்சீட்டு மைனஸ் 196 டிகிரியையும் ஆல்கஹாலையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அதைக் காய்ந்த, அறை வெப்பநிலையில் உள்ள குப்பியில் ஒட்டுங்கள். குளிர்ந்து ஈரம் படிந்த குப்பியில் ஒட்டினால் அன்று நிற்கும், நைட்ரஜன் தொட்டிக்குள் கழன்று விழும். பெயர் தெரியாத குப்பியை யாராலும் பயன்படுத்த முடியாது.

2. பாதுகாப்பு

பங்கேற்பாளரின் எச்.ஐ.வி. நிலை தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், எல்லா இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு வேலையும் இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பேழைக்குள்தான் நடக்க வேண்டும். மையவிலக்கியின் வாளிகளுக்கு மூடி போட்டே சுழற்றுங்கள். குழாய் உடைந்தால் நுண்துளிகள் அறைக்குள் பரவாதிருக்க அந்த மூடிதான் தடுப்பு. கண்ணாடிப் பிப்பெட்டும் ஊசியும் இந்த மேசையில் வேண்டாம்.

கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ, கழுவிவிட்டு உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதற்குப் பரிந்துரை இல்லை. அன்றைய செல்கள் வீணாகும் என்று தயங்கி வேலையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

3. இரத்தம் எடுத்த நொடியிலிருந்து ஓடும் கடிகாரம்

இரத்தம் எடுத்ததிலிருந்து குப்பி உறைபெட்டிக்குள் போகும் வரை 8 மணி நேரத்துக்குள் முடிப்பதை இலக்காகக் கொள்ளுங்கள். இரத்தம் ஒரு நாள் முழுதும் காத்திருந்தால், அதிலுள்ள கிரானுலோசைட்டுகள் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் கிளர்ச்சியுற்று அவற்றின் அடர்த்தி மாறுகிறது. வழக்கமாக அடியில் தங்க வேண்டியவை பி.பி.எம்.சி. வளையத்தோடு மேலே நின்றுவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்து உறைந்த டி செல்களின் உயிர்ப்பும், எச்.ஐ.வி. பெப்டைடுகளுக்கு (வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளுக்கு) அவை காட்டும் எதிர்வினையும் குறைகின்றன.

காத்திருக்கும் இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் வைத்தால் கெடாது என்ற அன்றாடப் பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. குளிர்ந்த இரத்தத்தில் பிரிப்பு சரியாக அமையாது. கிரானுலோசைட்டுக் கலப்பும் கூடும். 15 முதல் 25 டிகிரிக்குள், நேரடி வெயில் படாமல், செங்குத்தாக வையுங்கள். வேறிடத்திலிருந்து வரும் இரத்தமானால், குளிர்ச்சிப் பைகளைத் தவிர்த்து, அறை வெப்பநிலையில் வைத்திருந்த ஜெல் பைகளைச் சுற்றி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

குழாயில் இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் உறைவெதிர்ப்பி எது என்பதை ஆய்வு நெறிமுறைதான் தீர்மானிக்க வேண்டும். சோடியம் ஹெப்பாரின், ஏ.சி.டி., ஈ.டி.டி.ஏ. மூன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதில் நெடுநேரம் நின்ற இரத்தத்தின் டி செல் செயல்பாடு பாதிக்கப்படுகிறது, ஹெப்பாரின் பி.சி.ஆர். வினைக்கு இடையூறு செய்கிறது. எதைத் தேர்ந்தாலும் ஒரு பங்கேற்பாளரின் வருகைகளுக்கிடையில் குழாய் வகையை மாற்றக் கூடாது.

இரத்தம் எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம், பிரிக்கத் தொடங்கிய நேரம், உறைய வைத்த நேரம் ஆகிய நான்கையும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதும் நேரங்கள் எல்லாம் 10.00, 10.30, 11.00 என்று வட்ட எண்களாகவே இருக்கும். பின்னாளில் ஏதாவது பிசகினால், அந்த எண்களைக் கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

4. அடர்த்திக் கரைசலில் பிரித்தல்

முதலில் இரத்தத்தை 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றி மேலே தெளியும் பிளாஸ்மாவை எடுத்துச் சேமிக்கலாம். எடுத்த அளவுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத தாங்கல் கரைசலை ஊற்றி ஈடு செய்யுங்கள். பிறகு இரத்தத்தை அதே கரைசலால் ஏறத்தாழ இருமடங்காக நீர்க்கச் செய்ய வேண்டும். நீர்க்கச் செய்யாத இரத்தத்தில் சிவப்பணுக்கள் கொத்தாகத் திரண்டு, இடையில் லிம்போசைட்டுகளைச் சிறைப்பிடித்து அடிக்கு இழுத்துச் செல்கின்றன.

50 மி.லி. குழாயில் ஃபைகால் என்னும் அடர்த்திக் கரைசலை 15 மி.லி. ஊற்றி, குழாயைச் சாய்த்து, சுவரோரமாக 30 மி.லி. நீர்த்த இரத்தத்தை மெல்ல வழியவிடுங்கள். கோடு கிழித்தாற்போல் இரண்டு அடுக்குகள் தெரிய வேண்டும். ஃபைகாலின் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.077 கிராம் என்பது அறை வெப்பநிலையில்தான் பொருந்தும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தினால் அதன் அடர்த்தி கூடியிருக்கும். கீழே போக வேண்டிய செல்களும் மேலே மிதக்கும்.

400 ஜி விசையில் 30 நிமிடம், அறை வெப்பநிலையில், தடுப்பான் (பிரேக்) இல்லாமல் சுழற்றுங்கள். தடுப்பானை அணைக்க மறப்பது ஒவ்வொரு புதியவரும் ஒரு முறையாவது செய்யும் தவறு. சுழலி திடீரென்று நிற்கும்போது குழாய்க்குள் ஏற்படும் சுழிப்பு, அரை மணி நேரம் உருவான வளையத்தைக் கலைத்துவிடுகிறது. மையவிலக்கியின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். நானும் இன்றுவரை அதைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். உள்ளே தடுப்புத் தட்டு பொருத்திய குழாய்களுக்கு விசையும் நேரமும் வேறு. அவற்றுக்கு உற்பத்தியாளரின் குறிப்பையே பின்பற்றுங்கள்.

சுழற்றி முடிந்த குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, அதன் அடியில், மூச்சு பட்டுப் படிந்த பனி போல, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெண்மையான வளையம், அதற்குக் கீழே தெளிந்த ஃபைகால், அடியில் சிவப்பணுக்கள். நமக்கு வேண்டியது அந்த வளையம் மட்டும். பிப்பெட்டின் நுனியை அதற்குச் சற்று மேலே வைத்து, குழாயின் உட்சுவரைச் சுற்றி வட்டமாக நகர்த்தியபடி உறிஞ்சுங்கள். செல்கள் சுவரோரத்தில் ஒட்டி நிற்பதால் நடுவில் மட்டும் உறிஞ்சினால் பாதி விடுபடும். சி.டி.4 என்னும் டி செல் வகையின் எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களின் குழாயில் வளையம் கண்ணுக்கு எட்டாத அளவு மெல்லியதாக இருக்கலாம். பிரிப்பு தோற்றுவிட்டது என்று கைவிடாமல், வளையம் இருக்க வேண்டிய உயரத்தில் அதே கவனத்தோடு எடுங்கள். செல்கள் அங்கே இருக்கும்.

5. கழுவுதல்

எடுத்த செல்களோடு கொஞ்சம் ஃபைகாலும் வந்திருக்கும். அது நீர்த்துப் போகாவிட்டால் செல்கள் அடியில் படியாது. கழுவு நீரோடு வெளியே போய்விடும். எனவே முதல் கழுவலில் குழாயை 50 மி.லி. வரை நிரப்பி, 300 முதல் 400 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். இரண்டாம் கழுவலை 200 ஜி விசைக்குக் குறையுங்கள். மெதுவான சுழற்சியில் இலகுவான பிளேட்லெட்டுகள் மேலேயே தங்கிப்போகும். பிளேட்லெட்டுகள் மிகுதியாக இருந்தால் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கையையும் கெடுக்கும், உருக்கிய பின் கட்டிகளையும் உண்டாக்கும்.

திரவத்தைச் சாய்த்து ஊற்றிய பிறகு, அடியில் படிந்திருக்கும் செல்களை முதலில் விரலால் குழாயைத் தட்டிக் கலைத்துவிட்டு, அதன் பின்னரே அடுத்த திரவத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் செல்கள் துணுக்குகளாக மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் முழுதாகப் பிரியாது.

6. எண்ணுதல்

பின்னால் வரும் எல்லாக் கணக்குகளும் இந்த ஓர் எண்ணின் மீதே நிற்கின்றன. இங்கே அவசரப்பட்டு, உருக்கும் நாளில் செல்கள் எங்கே போயின என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செல் கலவையிலிருந்து சிறு அளவை எடுத்து, இறந்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் என்ற சாயத்தோடு கலந்து, ஓரிரு நிமிடங்களுக்குள் எண்ணிவிடுங்கள். அந்தச் சாயமும் நேரம் ஆக ஆகச் செல்களைக் கொல்லும். ஐந்து நிமிடம் கழித்து எண்ணினால் உயிரோடு இருந்தவையும் நீலமாகத் தெரியும். உயிருள்ள லிம்போசைட்டு வட்டமாக, ஓரம் ஒளிர்வதாக இருக்கும். சிவப்பணு அதைவிடச் சிறியது, உட்கரு அற்றது. பிளேட்லெட்டு வெறும் புள்ளியாகத் தெரியும். இவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டால் குப்பியில் 1 கோடி என்று எழுதியிருப்போம், உள்ளே 60 லட்சம்தான் இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 16 மி.லி. இரத்தத்திலிருந்து பிரித்த செல்களை 10 மி.லி. திரவத்தில் கலந்திருக்கிறோம். சாயத்தோடு சேர்த்துப் பத்து மடங்கு நீர்த்து, எண்ணு தட்டின் நான்கு பெரிய சதுரங்களில் எண்ணியதில் சராசரி 24 உயிருள்ள செல்கள். 24 ஐ 10 ஆல் பெருக்கி, பிறகு (ஒரு சதுரம் கொள்வது ஒரு மி.லி.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதால்) 10,000 ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.க்கு 24 லட்சம். பத்து மி.லி.க்கு 2.4 கோடி. ஒரு மி.லி. இரத்தத்துக்குப் பொதுவாக 10 முதல் 20 லட்சம் செல்கள் கிடைக்கும்; இங்கே 15 லட்சம் என்பதால் எண்ணிக்கை நம்பத்தக்கது. இந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால் மறுபடி எண்ணுங்கள்.

புதிதாகப் பிரித்த செல்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் தவறு இந்தப் படிக்கு முன்னால் நடந்திருக்கிறது என்று பொருள். உறைய வைப்பது அதைச் சரிசெய்யாது.

குப்பிக்கு 1 கோடி என்பது வசதியான அளவு. 50 லட்சம் முதல் 1.5 கோடி வரை ஏற்கலாம். மேலே சொன்ன 2.4 கோடியை 1 கோடி, 1 கோடி, 40 லட்சம் என்று மூன்றாகப் பிரிப்பவர்கள் உண்டு. அப்படி வேண்டாம், தலா 1.2 கோடி கொண்ட இரண்டு குப்பிகளாக்குங்கள். மூன்று குழிகள் வீதம் 10 நிலைமைகள் கொண்ட எலிஸ்பாட் சோதனைக்கு, குழிக்கு 2 லட்சம் என்றால் 60 லட்சம் செல்கள் தேவை. 40 லட்சம் கொண்ட குப்பியைத் தனியாக உருக்கினால், அதிலும் ஒரு பங்கு இழந்தபின், அந்தச் சோதனைக்கு எட்டாது.

7. உறைகரைசல் சேர்த்தல்

இது தொடங்கும் முன் மற்ற எல்லாம் முடிந்திருக்க வேண்டும். குப்பிகள் திறந்து நிற்க வேண்டும், குளிர்விக்கும் கொள்கலம் பக்கத்தில் இருக்க வேண்டும், மைனஸ் 80 டிகிரிப் பெட்டியில் அதற்கான இடம் காலியாக இருக்க வேண்டும். டி.எம்.எஸ்.ஓ. செல்லுக்குள் ஊடுருவிப் பனிப்படிகம் உருவாவதைத் தடுக்கிறது. அதே பொருள் அறை வெப்பநிலையில் செல்லுக்கு நஞ்சு. ஆகவே முதல் துளி செல்லைத் தொட்டதிலிருந்து கொள்கலம் உறைபெட்டிக்குள் போகும் வரை 10 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சுழற்சிக்குப் பின் திரவத்தை முழுதாக வடித்துவிடுங்கள். மிச்சம் தங்கினால் டி.எம்.எஸ்.ஓ.வின் செறிவு 10 விழுக்காட்டிலிருந்து இறங்கும். அடியில் படிந்த செல்களைத் தட்டிக் கலைத்து, குளிர்ந்த உறைகரைசலைத் துளித்துளியாக, குழாயை மெல்லச் சுழற்றியபடி விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் வெளியே செறிவு திடீரென்று கூடி, செல்லிலிருந்து நீர் வெளியேறி, அது சுருங்கிச் சேதமடையும். முதல் ஒரு மி.லி.யை மெதுவாகச் சேர்த்த பின் மீதியைச் சற்று விரைவாகச் சேர்க்கலாம்.

குப்பிக்கு 1 மி.லி. மட்டும் நிரப்புங்கள், நீர் உறையும்போது விரிவடைவதற்கு இடம் தேவை. ஒரே அமர்வில் நிறையப் பங்கேற்பாளர்களின் செல்களை வைத்திருந்தால், எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கரைசல் சேர்க்காமல், இரண்டிரண்டு பேராக முடித்து உறைபெட்டிக்கு அனுப்புங்கள். பத்துப் பேருடைய குழாய்களை வரிசையாக வைத்துச் செய்தால் முதலாமவரின் செல்கள் டி.எம்.எஸ்.ஓ.வில் கால் மணி நேரம் காத்திருக்கும். அடுத்த ஆண்டு அவருடைய முடிவு மற்றவர்களுடையதிலிருந்து விலகி நிற்கும், அதற்கு நோயியல் காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

8. நிமிடத்துக்கு ஒரு டிகிரி

வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே படிகமாகி, சவ்வைக் கிழிக்கிறது. மிக மெதுவாக இறங்கினால் வெளியே முதலில் உறையும் பனி, மீந்த திரவத்தில் உப்பின் செறிவைக் கூட்ட, செல் நீர் வற்றி நெடுநேரம் தவிக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த வேகம் லிம்போசைட்டுகளுக்குப் பொருந்துகிறது.

கணினிக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத ஆய்வகங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நிரப்பிய கொள்கலமோ, ஆல்கஹால் தேவைப்படாத நுரைக் கொள்கலமோ இந்த வேகத்தைத் தருகிறது. ஆல்கஹால் வகையானால், ஐந்து முறை பயன்படுத்தியதும் அதை மாற்ற வேண்டும். ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, ஆவியாகிக் குறையவும் செய்கிறது. அப்போது குளிரும் வேகம் மாறிவிடும். எத்தனையாவது முறை என்று கொள்கலத்தின் மூடியிலேயே கோடு போட்டு வையுங்கள்.

நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் சில வாரங்களின் குப்பிகளில் மட்டும் உருக்கியபோது உயிரோடு இருந்த செல்கள் 60 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சீரத்தைச் சந்தேகித்தோம், டி.எம்.எஸ்.ஓ.வைச் சந்தேகித்தோம், எண்ணியவரைக்கூடச் சந்தேகித்தோம். கடைசியில் ஒரு காலை, உறைபெட்டியிலிருந்து முந்தைய நாளின் குப்பிகளை எடுத்த கையோடு புதிய குப்பிகளை அதே கொள்கலத்தில் ஒருவர் அடுக்குவதைப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தபோது கொள்கலத்தின் அடியில் வெண்பனி படிந்திருந்தது. முன்பே மைனஸ் 80 டிகிரியில் இருக்கும் கொள்கலம் எதையும் மெதுவாகக் குளிர்விக்காது. அவரிடம் இருந்தது ஒரே கொள்கலம், வேலையோ தினமும். அன்று முதல் இரண்டு கொள்கலங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். பயன்படுத்தும் முன் கொள்கலம் முழுதாக அறை வெப்பநிலைக்கோ, நெறிமுறை சொன்னால் 2 முதல் 8 டிகிரிக்கோ வந்திருக்க வேண்டும். எதுவானாலும் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்.

கொள்கலத்தைப் பெட்டியின் உட்புறத்தில், சமமான தட்டில், சுற்றிலும் காற்று செல்லும்படி வையுங்கள். கதவோரம் வேண்டாம். அன்று இரவு அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவதையும் தவிருங்கள்.

9. திரவ நைட்ரஜனுக்கு மாற்றுதல்

மறுநாள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள், குப்பிகளைத் திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள். மைனஸ் 80 டிகிரியில் குப்பி கல்லைப் போல இருந்தாலும் உள்ளே மாற்றங்கள் முழுதாக நின்றுவிடுவதில்லை. சிறு படிகங்கள் சேர்ந்து பெரிதாகிக்கொண்டே இருக்கும். மைனஸ் 135 டிகிரிக்குக் கீழேதான் எல்லாம் கண்ணாடி போல உறைந்து நிலைபெறும். வெள்ளிக்கிழமை உறைய வைத்தால் திங்கட்கிழமை காலையில் மாற்றுவதற்கு ஆள் இருக்கிறாரா என்று முன்பே உறுதி செய்யுங்கள்.

மாற்றும்போது குப்பிகளை உலர்பனிக்கட்டியின் மேல் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். மேசையில் வைத்துப் பெயர் சரிபார்க்கும் ஓரிரு நிமிடங்களில் அவை வெகுவாகச் சூடேறிவிடும். தொட்டிக்குள் அடுக்கியபின்னும் இந்த ஆபத்து தொடர்கிறது. ஒரு குப்பியைத் தேடி அடுக்கை மேலே தூக்கினால், அதிலுள்ள மற்ற குப்பிகள் அனைத்தும் வெளிக்காற்றில் நிற்கின்றன. இந்தச் சூடேற்றமும் குளிர்விப்பும் பலமுறை நிகழ்ந்த குப்பிகளில் செல்களின் உயிர்ப்பும் எதிர்வினையும் குறையும். எனவே தொட்டியைத் திறக்கும் முன்பே, எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எந்தக் கட்டம் என்று பதிவேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பங்கேற்பாளரின் எல்லாக் குப்பிகளையும் ஒரே தொட்டியில் வைக்காமல் இரண்டு தொட்டிகளில் பிரித்து வைப்பது, ஒன்று பழுதடைந்தால் மற்றதைக் காப்பாற்றும்.

குப்பிகள் திரவத்தில் மூழ்காமல் அதன் ஆவியில் இருப்பதே நல்லது. மூழ்கிய குப்பிக்குள் நைட்ரஜன் கசிந்து புகுந்தால், வெளியே எடுக்கும்போது அது விரிவடைந்து குப்பி வெடிக்கலாம். தொற்றுள்ள செல்கள் முகத்தில் தெறிக்கும். திரவத்தின் வழியாக ஒரு மாதிரியிலிருந்து மற்றொன்றுக்குக் கிருமி பரவவும் கூடும். எலும்பு மஜ்ஜைப் பைகளைச் சேமித்த நைட்ரஜன் தொட்டி ஒன்றின் வழியாக ஹெப்பாடைட்டிஸ் பி பரவியது 1995 இல் வெளியான அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. முகக் காப்பு, தடித்த கையுறை, அறையில் ஆக்சிஜன் அளவி ஆகிய மூன்றும் இன்றித் தொட்டியைத் திறக்காதீர்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிவடைந்து, மூடிய அறையில் மூச்சுக்கான காற்றை வெளியேற்றிவிடும்.

10. வேறு ஆய்வகத்துக்கு அனுப்புதல்

நைட்ரஜனில் இருந்த குப்பிகளை, ஆவி நிலையிலேயே வைத்திருக்கும் உலர் அனுப்புக்கலத்தில் அனுப்புங்கள். உலர்பனிக்கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரிதான், அதில் சில நாள் பயணம் செய்து மீண்டும் நைட்ரஜனுக்குப் போகும் செல்கள் அந்தப் பயணத்தின் விலையை உருக்கும்போது கொடுக்கின்றன. கலத்துக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவி ஒன்றை வைத்து, பெறுபவர் அதைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். பங்கேற்பாளர்களின் பி.பி.எம்.சி. மாதிரிகள் வான்வழிப் போக்குவரத்தில் பி வகை உயிரியல் பொருளாக, யு.என். 3373 என்ற குறியீட்டோடு செல்கின்றன.

11. உருக்குதல்

உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது விரைவாக. குப்பியை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில், மூடி நீரில் படாமல் பிடித்து, மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். கண்ணை எடுக்காதீர்கள். நடுவில் மிளகளவு பனித்துண்டு ஒன்று மிதக்கும் நிலையில் வெளியே எடுத்துவிட வேண்டும். முழுதும் உருகும் வரை விட்டால், டி.எம்.எஸ்.ஓ. 37 டிகிரியில் செல்களோடு நிற்கிறது. ஒரே நேரத்தில் நான்கு குப்பிகளுக்கு மேல் உருக்க முயல வேண்டாம். கை ஒன்றில் இருக்கும்போது மற்றவை கவனிப்பாரின்றி நிற்கும்.

குப்பியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்து, செல்களை 15 மி.லி. குழாய்க்கு மாற்றி, 37 டிகிரியில் வைத்திருந்த வளர்ப்பு ஊடகத்தில் முதல் ஒரு மி.லி.யைத் துளித்துளியாக ஒரு நிமிடம் எடுத்துச் சேருங்கள். செல்லுக்குள் டி.எம்.எஸ்.ஓ. நிறைந்திருக்கிறது; ஊடகத்தை மொத்தமாக ஊற்றினால் நீர் உள்ளே பாய்ந்து செல் ஊதி வெடிக்கும். பிறகு 10 மி.லி. வரை நிரப்பிச் சுழற்றிக் கழுவுங்கள்.

இறந்த செல்களிலிருந்து கசியும் டி.என்.ஏ. பசை போல மற்ற செல்களையும் சேர்த்துக் கட்டியாக்கும். உருக்கும் ஊடகத்தில் ஒரு மி.லி.க்கு 50 அலகு பென்சோனேஸ் என்னும், டி.என்.ஏ.வைத் துண்டாக்கும் நொதி சேர்த்தால் கட்டி உருவாவது வெகுவாகக் குறையும். கட்டியைப் பிப்பெட்டால் அடித்து உடைக்காதீர்கள். உயிரோடு இருப்பவையும் அந்த உரசலில் சாகும்.

12. ஓய்வும் மறு எண்ணிக்கையும்

உருக்கியவுடன் எடுக்கும் உயிர்ப்பு விழுக்காடு நம்மை ஏமாற்றக் கூடியது. உறைவதிலும் உருகுவதிலும் அடிபட்ட செல்களில் ஒரு பகுதி, சவ்வு கிழியாமல், ஆனால் சாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும். டிரிப்பான் நீலத்துக்கு அவை உயிருள்ளவையாகத் தெரியும். எலிஸ்பாட்டுக்கோ செல்லுக்குள் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதத்தைக் காணும் சோதனைக்கோ முன்னால், செல்களை ஒரு மி.லி.க்கு 20 லட்சம் வீதம், 37 டிகிரியில், 5 விழுக்காடு கரியமில வாயுவில் ஓரிரவு ஓய்வெடுக்க விட்டு, மீண்டும் எண்ணி, அந்த இரண்டாம் எண்ணிக்கையைக் கொண்டே குழிகளில் இடுங்கள். ஓய்வு தருவதா, எத்தனை மணி நேரம் என்பதை ஆய்வின் தொடக்கத்தில் முடிவு செய்து, இறுதிவரை மாற்றாதீர்கள்.

உறைந்து உருகிய செல்கள் எல்லாச் சோதனைக்கும் ஏற்றவை அல்ல. டி செல்களின் நினைவு வகைகளைப் பிரிக்க உதவும் சி.டி.62 எல் என்ற மேற்பரப்புப் புரதம் உறைவித்தலில் குறைந்துவிடுகிறது. மோனோசைட்டு போன்ற மைலாய்டு வகைச் செல்கள் சிலவும் இழக்கப்படுகின்றன. அவை முக்கியமான கேள்விகளுக்குப் புதிய இரத்தத்தையே நாட வேண்டும். சிகிச்சை பெறாத, இரத்தத்தில் வைரஸ் மிகுந்த பங்கேற்பாளரின் செல்கள் தாமாகவே மடியும் போக்குக் கொண்டவை என்பதால், ஆரோக்கியமானவரின் செல்களைவிட அவற்றில் இழப்புக் கூடும். இதையும் கைப்பிழையையும் பிரித்தறிய, ஒவ்வொரு உருக்கும் நாளிலும் ஆரோக்கியமான ஒருவரின் குப்பி ஒன்றையும் சேர்த்து உருக்குங்கள்.

13. பிழையைத் தேடும் முறை

இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள். உயிர்ப்பு என்பது உருக்கிய செல்களில் எத்தனை விழுக்காடு உயிரோடு இருக்கின்றன என்பது. மீட்பு என்பது குப்பியில் இட்ட உயிருள்ள செல்களில் எத்தனை விழுக்காடு உயிரோடு திரும்பின என்பது. 1.2 கோடி இட்ட குப்பியிலிருந்து 90 லட்சம் உயிருள்ள செல்கள் கிடைத்தால் மீட்பு 75 விழுக்காடு. உயிர்ப்பு குறைந்திருந்தால் குளிரும் வேகம், டி.எம்.எஸ்.ஓ.வில் காத்திருந்த நேரம், சேமிப்பில் சூடேறியது ஆகியவற்றை இந்த வரிசையில் சோதியுங்கள். உயிர்ப்பு நன்றாக இருந்து மீட்பு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் உறைய வைத்த நாளின் எண்ணிக்கை மிகையானது, அல்லது உருக்கும்போது கழுவலில் செல்கள் கொட்டிப்போயின. மீட்பு 130 விழுக்காடு என்று வந்தால் மகிழாதீர்கள். உறைய வைத்தவர் குறைத்து எண்ணியிருக்கிறார் என்றே அது சொல்கிறது.

பின்புலம் உயர்ந்தால் சீரத்தின் தொகுதி எண்ணைப் பாருங்கள். கிரானுலோசைட்டுகள் தெரிந்தால் இரத்தம் எடுத்த நேரத்துக்கும் பிரித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரத்தம் வழியில் குளிர்ந்ததா என்றும் கேளுங்கள்.

இந்தச் சோதனையை ஆய்வின் முடிவு வரை தள்ளிவைக்காதீர்கள். எச்.ஐ.வி. மருத்துவ ஆய்வு வலையமைப்புகளில் சேரும் ஆய்வகங்கள் தாங்கள் உறைய வைத்த குப்பிகளை வெளியே ஒரு தர மதிப்பீட்டுத் திட்டத்துக்கு அனுப்பி, உயிர்ப்பையும் மீட்பையும் அளக்கச் செய்கின்றன. வலையமைப்பில் இல்லாத ஆய்வகமும் இதை உள்ளுக்குள் செய்துகொள்ளலாம். உறைய வைக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறை தன்னார்வலர் ஒருவரின் இரத்தத்தில் இரண்டு குப்பிகள் கூடுதலாக உருவாக்கி, நைட்ரஜனில் வைத்து, இரண்டு வாரங்கள் கழித்து வேறொருவரிடம் கொடுத்து உருக்கச் சொல்ல வேண்டும். எண்களைப் பெயரோடும் தேதியோடும், பயன்படுத்திய கொள்கலத்தின் எண்ணோடும், சீரத்தின் தொகுதியோடும் ஒரே தாளில் எழுதிவாருங்கள். உயிர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் முதல் மாதத்திலேயே, அந்தக் கொள்கலத்தில் உறைய வைப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடத் தொடங்குங்கள்.